இணையம் விலங்கா, எறும்புக் கூட்டமா, புற்றா?

இணையத்துக்கு உயிர் உண்டா என்று கேட்பவர்கள் பெரும்பாலும் மனதில் ஒரு விலங்கை வைத்துக்கொண்டுதான் கேட்கிறார்கள். கேபிள் நரம்பு, சர்வர் மூளை என்று உவமை அழகாகத்தான் இருக்கிறது, ஆனால் ரொம்ப தூரம் தாங்காது. இணையத்துக்கு மூளை என்று ஓரிடம் கிடையாது. அது குட்டி போட்டதும் இல்லை. தன்னைத்தானே நிலைநிறுத்திக்கொண்டு, டார்வின் சொன்ன வழியில் பரிணமிக்கக்கூடிய வேதியியல் அமைப்பே உயிர் என்பது நாசாவின் வரையறை. 'வேதியியல்' என்ற சொல்லை விட்டுக்கொடுத்தாலும், வாரிசு இல்லாமல் பரிணாமம் எங்கிருந்து வரும்?

எறும்புக் கூட்டம் என்றால் பேச்சு சுவாரசியமாகிறது. 1986இல் இணையத்தில் தகவல் நெரிசல் முற்றி, அமெரிக்காவின் பெர்க்லியில் நொடிக்கு 32,000 பிட் கடத்திய இணைப்பு ஒன்று 40 பிட்டுக்குச் சரிந்தது. அதற்குக் கணினி விஞ்ஞானி வான் ஜேக்கப்சன் கொண்டுவந்த தீர்வு எளிமையானது. அனுப்பியது சேர்ந்துவிட்டது என்ற பதில் வர வர வேகத்தைக் கூட்டு, வராவிட்டால் சட்டென்று குறை. மேலிருந்து ஆணையிட யாருமில்லை. ஒவ்வொரு கணினியும் தானாகவே அடங்குகிறது. 2012இல் ஸ்டான்ஃபோர்டு பல்கலைக்கழகத்தின் உயிரியலாளர் டெபோரா கார்டனும் கணினி விஞ்ஞானி பாலாஜி பிரபாகரும், விதை சேர்க்கும் எறும்புகள் ஏறக்குறைய இதே கணக்கில் இயங்குவதைக் காட்டினார்கள். விதையோடு திரும்பும் எறும்புகள் அடுத்தடுத்து வந்தால் வெளியே போகிறவை கூடும், வரவு மந்தமானால் குறையும். எறும்புகள் நமக்குப் பல கோடி ஆண்டு முந்திக்கொண்டன!

ஆனால் எறும்பு தன் தீனியைத் தானே தேடும். ரூட்டர் கரண்ட் போனால் அப்படியே கிடக்கும்.

அதனால் என் ஓட்டு கறையான் புற்றுக்கு. புற்றில் காற்றோட்டம் உண்டு, உடைந்த இடம் மூடிக்கொள்ளும், ஆண்டுக்கு ஆண்டு வளரும். இருந்தாலும் இதையெல்லாம் செய்வது மண் அல்ல, உள்ளே இருக்கும் கறையான். 2022 ஜனவரியில் எரிமலை வெடித்து, பசிபிக் தீவு நாடான டோங்காவின் கடலடிக் கேபிள் அறுந்தபோது அது தானாக ஒட்டிக்கொள்ளவில்லை. கப்பல் வந்து சரிசெய்ய ஐந்து வாரம் ஆனது. கறையான் நாம்தான்.

அப்புறம், கறையான் புற்றெடுக்கக் கருநாகம் குடிபுகுந்த கதையும் இங்கே உண்டு. 1988 நவம்பரில் மோரிஸ் வோர்ம் என்ற கணினிப் புழு, அதாவது தானாகப் பரவும் நிரல், தன்னைத்தானே நகலெடுத்துக்கொண்டு ஆயிரக்கணக்கான கணினிகளில் பரவியது. வேடிக்கை என்னவென்றால், இனம் பெருக்கும் விஷயத்தில் புற்றைவிட அந்தப் பாம்புதான் உயிருக்குப் பக்கத்தில் நிற்கிறது. அதுவும் முழு உயிர் இல்லை. அதன் நகல்கள் தலைமுறைக்குத் தலைமுறை மாறவில்லை. அது நுழைந்த மென்பொருள் ஓட்டையை அடைத்ததும் அதன் பரவல் நின்றுபோனது.