காற்றடைத்த கவசத்தை எந்த விளையாட்டு கற்றுத்தரும்?

துணியால் செய்து காற்றடைத்த வெப்பக் கவசத்தை மாட்டி விண்கலத்தைத் தரையிறக்கலாம் என்று ஒரு மாணவரிடம் சொன்னால், "எரிந்துபோகாதா?" என்று உடனே கேட்பார். "மடங்காத உறுதியான கவசம் இருக்கும்போது இது எதற்கு?" என்ற இரண்டாவது கேள்வி அவ்வளவு எளிதில் வராது. அந்தக் கேள்வியை எழுப்பும் விளையாட்டையே நல்ல கல்வி விளையாட்டு என்பேன். மூன்றை அந்த அளவுகோலில் பார்த்தேன்.

முதலாவது, நாசா கைபேசிக்காக உருவாக்கிய 'ஹையாட்'. பன்னாட்டு விண்வெளி நிலையத்திலிருந்து பூமிக்குச் சரக்கு கொண்டுவர வேண்டும். உரிய நேரத்தில் கவசத்தை விரித்து, கோணம் பிசகாமல் பிடித்து, கடலில் இறக்க வேண்டும். போகப்போக வேகம் கூடும். வெப்பம் தாங்கும் பொருளையும் நாமே தேர்ந்தெடுக்க வேண்டும். சிறுவர்கள் சட்டென்று பிடித்துக்கொள்வார்கள்.

இது வெறும் கற்பனையன்று. 2012 ஜூலை 23 அன்று வர்ஜீனியாவின் வாலப்ஸ் தளத்திலிருந்து ஏவப்பட்ட நாசாவின் ஐர்வ்-3 என்ற 3 மீட்டர் அகலக் காற்றடைத்த கவசம், ஒலியைப் போல 10 மடங்கு வேகத்தில் வளிமண்டலத்துக்குள் புகுந்தும் சிதையவில்லை. 2022 நவம்பர் 10 அன்று அட்லஸ் ராக்கெட்டில் போன நாசாவின் 6 மீட்டர் அகல லோஃப்டிட் கவசம், சுற்றுப்பாதை வேகத்திலிருந்து இறங்கி ஹவாய்க்கு அருகே பசிபிக் கடலில் விழுந்தது. அதை மீட்டும் எடுத்தார்கள். இஸ்ரோவும் அதே ஆண்டு செப்டம்பர் 3 அன்று தும்பாவிலிருந்து ரோகிணி ராக்கெட்டில் ஒன்றை அனுப்பி, 84 கிலோமீட்டர் உயரத்தில் நைட்ரஜன் நிரப்பி விரித்துப் பார்த்தது.

ஆனால் 'ஹையாட்' விளையாட்டின் பதற்றம் முழுவதும் விரல் நுனியில் இருக்கிறது. லோஃப்டிட் வளிமண்டலத்தைத் தொடுவதற்கு முன்பே நிதானமாக விரிந்தது. கண்ணிமைக்கும் நேரத்தில் முடிவெடுக்கும் வேலை அங்கே இல்லை. உறுதியான கவசத்தோடு அதே சரக்கை இறக்கி ஒப்பிடவும் இதில் வழியில்லை. இரண்டாவது கேள்வி எழாமலே ஆட்டம் முடிந்துவிடுகிறது.

அடுத்தது 'மார்ஸ் ரோவர் லேண்டிங்'. 2012 ஜூலையில் மைக்ரோசாஃப்டும் நாசாவின் ஜெட் உந்துவிசை ஆய்வகமும் எக்ஸ்பாக்ஸ் 360-க்காக இலவசமாகக் கொடுத்தது. கினெக்ட் கேமரா முன்னால் நின்று, உடலைச் சாய்த்துக் கியூரியாசிட்டி ஊர்தியைச் செவ்வாயில் இறக்க வேண்டும். வேடிக்கை இதில்தான் அதிகம். காற்றடைத்த கவசம் இதில் கிடையாது. இருந்தும் சேர்த்ததற்குக் காரணம், எதிர்த்தரப்பான உறுதியான கவசத்தின் எல்லை இதில்தான் தெரிகிறது: 4.5 மீட்டர் உறுதியான கவசம், பாராசூட், ஊர்தியைக் கயிற்றில் கட்டித் தரையிறக்கும் ராக்கெட் மேடையான ஸ்கை கிரேன் என்று எல்லாம் சேர்ந்து இறக்கிய சுமை ஒரு டன்னுக்கும் சற்றுக் குறைவு. கவசத்தை அதைவிட அகலமாக்க வேண்டுமானால் ராக்கெட்டின் மூக்குக்கூடு இடம் கொடுக்க வேண்டும். செவ்வாயின் காற்றழுத்தமோ பூமியில் இருப்பதில் ஒரு சதவீதம்கூட இல்லை. பல டன் எடையுள்ள மனிதக் கலத்தை இறக்க குடைபோல் மடித்து எடுத்துப்போகும் காற்றடைத்த கவசம்தான் வழி என்ற எண்ணம் இங்கிருந்துதான் பிறக்கிறது. விளையாட்டு இதைச் சொல்வதில்லை. ஆசிரியர்தான் சொல்ல வேண்டும்.

மூன்றாவது, நாமே விண்கலம் கட்டிப் பறக்கவிடும் 'கெர்பல் ஸ்பேஸ் புரோகிராம்'. காசு கொடுத்து வாங்க வேண்டும், கணினி வேண்டும், பொறுமை எல்லாவற்றையும்விட அதிகமாக வேண்டும். ஆனால் உறுதியான கவசங்களும் 10 மீட்டர் விரியும் கவசமும் ஒரே பட்டியலில் இருப்பது இதில் மட்டும்தான். ஒரே கலத்துக்கு இரண்டையும் மாற்றி மாற்றிப் பொருத்திப் பார்க்கலாம். நிறை மாறாமல் பரப்பு கூடினால், காற்று மெலிந்திருக்கும் உயரத்திலேயே வேகம் குறையத் தொடங்குகிறது. அதனால் ஒரு நேரத்தில் தாக்கும் வெப்பமும் குறைகிறது. பாடநூல் ஒரு வாய்பாட்டில் அடக்கிவிடும் இந்தச் செய்தி இங்கே உயரமானியிலும் வேகமானியிலும் கண்முன் ஓடும்.

தோல்வியும் இதில் பாடமாகிறது. நிறைமையம் கவசத்தை விட்டு மிகவும் பின்தங்கினால், முன்னால் இருக்கும் பெரும் இழுவிசை கலத்தை அப்படியே புரட்டிப்போடும். கவசம் பின்னால் போக, பயணிகள் பெட்டி நெருப்பில் நிற்கும். கவசத்தின் வடிவமும் சுமை அமரும் இடமும் ஏன் அவ்வளவு முக்கியம் என்பதை அந்த விபத்து சொல்லிக்கொடுத்துவிடும்.

குறை இல்லாமல் இல்லை. விளையாட்டில் பூமிக்கு ஈடாக வரும் கெர்பின் என்ற கற்பனைக் கிரகத்தின் ஆரம் 600 கிலோமீட்டர்தான். சுற்றுப்பாதை வேகம் நொடிக்கு ஏறத்தாழ 2.3 கிலோமீட்டர். பூமியில் அது 7.8. ஆகவே விளையாட்டில் தப்பித்த கலம் நிஜத்தில் தப்பியிருக்கும் என்று மாணவர் எண்ணிவிடக் கூடாது. வளையம் வளையமாக அடுக்கிய குழாய்கள், அவற்றை இழுத்துக் கட்டும் பட்டைகள், வெளியே சிலிக்கன் கார்பைடு இழைத்துணி என்ற உள்கட்டமைப்பும் இதில் தெரியாது. அதற்கு லோஃப்டிட்டின் படங்களைக் காட்டுவதே மேல்.

கைக்குழந்தைப் பருவம் தாண்டிய எவருக்கும் 'ஹையாட்' போதும். பத்து நிமிட ஆர்வமூட்டலுக்கு அதைவிட எளிய வழி இல்லை. ஏற்கெனவே அதைப் பதிவிறக்கி வைத்த பழைய எக்ஸ்பாக்ஸும் கினெக்டும் வீட்டில் கிடந்தாலொழிய இரண்டாவதைத் தேடி அலைய வேண்டாம். ஒன்பதாம் வகுப்புக்கு மேல் என்றால் என் வாக்கு கெர்பலுக்கே. அதில் முதல் பயிற்சியாகக் கனமான கலம் ஒன்றைச் சின்ன உறுதியான கவசத்தோடு ஈவ் என்ற கற்பனைக் கிரகத்தின் அடர்ந்த காற்றுக்குள் அனுப்பச் சொல்லுங்கள். பெரும்பாலும் வெடிக்கும். அதன்பிறகு பட்டியலில் இருக்கும் அந்த 10 மீட்டர் கவசத்தை நீங்கள் சுட்டிக்காட்டவே தேவையிருக்காது.