மும்பை வீட்டுச் சுவருக்கு கேன்வாஸா, கண்ணாடி போட்ட காகிதமா?

வாடிகனில் உள்ள சிஸ்டைன் சேப்பல் என்ற தேவாலயத்தின் கூரையில் இருக்கும் லிபியச் சிபில் என்ற குறிசொல்லும் பெண்ணின் உருவத்துக்காக மைக்கலாஞ்சலோ 1510-11 வாக்கில் சிவப்புச் சாக் கட்டியால் போட்ட முன்வரைவை, எங்கள் செம்பூர் வீட்டு ஹாலில் மாட்டியிருக்கிறோம். வாங்கும்போது முன்னால் இருந்தவை இரண்டு வழிகள்: கேன்வாஸில் அச்சடித்துக் கட்டையில் இழுத்துக் கட்டுவது, அல்லது பருத்திக் காகிதத்தில் அச்சடித்து, மவுண்ட் என்னும் நடுவில் வெட்டிய அட்டையைச் சுற்றிலும் வைத்துக் கண்ணாடி போடுவது. நான் காகிதத்தை எடுத்தேன். கேட்கிறவர்களுக்கும் அதையேதான் சொல்கிறேன்.

படத்துக்குச் செலவில்லை. அசல் தாள் நியூயார்க் மெட்ரோபாலிடன் மியூசியத்தில் இருக்கிறது. காப்புரிமை முடிந்த தன் படைப்புகளின் படங்களை அந்த மியூசியம் 2017 முதல் யாரும் பயன்படுத்தும்படி இலவசமாகத் தருகிறது. கேன்வாஸ் எடை குறைவு, ஒரு ஆணி போதும், எதிர் ஜன்னல் அதில் பளபளக்காது. இந்த வசதிகள் கண்ணாடி போட்ட படத்துக்குக் கிடையாது.

ஆனால் இது கோட்டோவியம். அசல் தாளே 28.9 × 21.4 சென்டிமீட்டர்தான், கிட்டத்தட்ட ஏ4 அளவு. அதற்குள்ளேயே முதுகின் தசைகள், மூலையில் மறுபடி ஒரு முகம், திரும்பத் திரும்ப வரைந்து பார்த்த கால் விரல்கள் எல்லாம் இருக்கின்றன. சாக் கட்டியின் பொடி காகிதத்தின் சொரசொரப்பில் பிடித்து நிற்பதில்தான் இதன் உயிரே இருக்கிறது. கேன்வாஸின் நெசவு அதன் மேல் இன்னொரு சொரசொரப்பை ஏற்றிவிடுகிறது. ஜெர்மன் ஓவியர் ட்யூரர் 1508இல் நீலக் காகிதத்தில் வரைந்த கூப்பிய கைகளில் உள்ள மெல்லிய வெள்ளைத் தீற்றல்களுக்கும் இதே கதிதான். ரவிவர்மாவின் எண்ணெய் ஓவியம் என்றால் கேன்வாஸே பொருத்தம், அசலும் துணிதானே.

சரி, முடிவைத் தீர்மானித்தது மழைதான். ஜூன் முதல் செப்டம்பர் வரை இங்கே அலமாரிக்குள் இருக்கும் செருப்பே பூசணம் பூக்கிறது. கேன்வாஸுக்கு முன்னும் பின்னும் மறைப்பில்லை. ஓதம் ஏறினால் துணி தளரும், பின்பக்கம் கரும்புள்ளிகள் வரும், ஈரத்துணியால் அழுத்தித் துடைக்கவும் பயமாக இருக்கும். இதை நான் பார்த்தது மற்றவர் வீடுகளில்தான். நாள் முழுக்க ஏசி ஓடும் வீட்டில் கேன்வாஸ் நன்றாகவே தாங்கலாம்.

கண்ணாடி போட்டதாலேயே படம் தப்பித்துவிடாது. ஊரில் தாத்தா பாட்டி போட்டோ கண்ணாடியோடு ஒட்டிப்போய், பிரித்தால் முகம் உரிந்து வருவதைப் பார்த்திருப்பீர்கள். இடைவெளி இல்லாமல் பிரேம் போட்டதன் விளைவு அது. கண்ணாடிக்குள் படியும் ஈரம் நேராகப் படத்தில் இறங்குகிறது. மவுண்ட் அட்டை அழகுக்கு மட்டும் அல்ல, காகிதத்தைக் கண்ணாடியிலிருந்து தள்ளி நிறுத்தத்தான் முக்கியமாக வேண்டும். 'மவுண்ட் இல்லாமலே நல்லாத்தான் இருக்கும்' என்று கடைக்காரர் சொன்னாலும் விடாதீர்கள். மவுண்டும் பின் அட்டையும் அமிலம் இல்லாதவையாக இருக்க வேண்டும். சாதா ஹார்ட்போர்டு வைத்தால் நாளடைவில் காகிதம் பழுப்பேறும். பின்பக்க விளிம்பு முழுவதும் டேப் ஒட்டச் சொல்லுங்கள். கீழ் மூலைகளில் இரண்டு ரப்பர் பொட்டு வைத்தால் சுவருக்கும் பிரேமுக்கும் நடுவே காற்று போகும். சாரல் அடிக்கும் மேற்குப் பக்க வெளிச்சுவரில் மட்டும் மாட்டவே வேண்டாம். மழை முடிந்ததும் கழற்றிப் பின்பக்கத்தைப் பார்த்து, உலர்ந்த துணியால் துடைத்து மாட்டினால் போதும், பராமரிப்பு அவ்வளவுதான்.

அச்சடிக்கக் கொடுக்கும்போது பிக்மென்ட் மையா (நிறத் துகள்கள் கலந்த மை) என்று கேளுங்கள். சாய மை வெளிச்சத்தில் சீக்கிரம் வெளுக்கும். அப்புறம், சின்னக் குழந்தைகள் உள்ள வீட்டில் கண்ணாடிக்குப் பதில் அக்ரிலிக் என்னும் தெளிவான பிளாஸ்டிக் தகடு போடலாம். விழுந்தால் சிதறாது, ஆனால் சுலபமாகக் கீறல் விழும், மெத்தென்ற துணியால்தான் துடைக்க வேண்டும்.