வாசலுக்கு வரும் கொழும்புச் சந்தை: ஒரு வருடக் கொப்பிக் கணக்கு

கடந்த வருடத் தைப்பொங்கலுக்கு மறுநாள் எங்கள் வீட்டில் ஒரு கொப்பியைத் தொடங்கினோம். அரிசி, மரக்கறி, மீன் தவிர்ந்த வீட்டுப் பாவனைப் பொருள் ஒவ்வொன்றுக்கும் அதில் மூன்று விலைகளை எழுதுவது என்பது ஏற்பாடு: இணையச் சந்தையில் காட்டப்பட்ட விலை, பொருள் யாழ்ப்பாணத்தின் கோண்டாவிலில் எங்கள் வாசலுக்கு வந்து சேர்ந்தபோது கையிலிருந்து உண்மையில் போன காசு, அதே பொருளுக்கு யாழ்ப்பாண நகரத்திலோ அருகிலுள்ள எங்கள் திருநெல்வேலியிலோ கடைக்காரர் சொன்ன விலை. முதலாவது விலையைப் பார்த்துத்தான் எல்லோரும் மயங்குகிறார்கள். சேமிப்பு என்று ஒன்று இருந்தால் அது இரண்டாவதுக்கும் மூன்றாவதுக்கும் இடையிலேயே இருக்கிறது. அந்த மூன்றாவது விலையை விசாரிக்கும் பொறுமைதான் பலருக்கு இருப்பதில்லை.

கணக்குப் பார்க்கும் இந்தப் பழக்கம் சும்மா வரவில்லை. 2022 மார்ச்சில் ரூபாய் மிதக்கவிடப்பட்ட பின்னர், 200 ரூபாய் அளவில் நின்ற டொலர் இரண்டு மாதங்களுக்குள் 360 ரூபாயை எட்டியது. 2024 ஜனவரி முதலாம் திகதி பெறுமதி சேர் வரி 15 வீதத்திலிருந்து 18 வீதமாயிற்று. அதற்கும் முன்னர், யாழ்ப்பாணத்தைத் தெற்கோடு இணைக்கும் ஏ9 வீதி போரினால் மூடப்பட்டிருந்த காலங்களில் ஜாம் போத்தல் விளக்கில் படித்த தலைமுறைக்கு, கொழும்பு விலை, யாழ்ப்பாண விலை என்று இரண்டு உண்டு என்பதை யாரும் பாடம் நடத்திச் சொல்ல வேண்டியதில்லை. அந்த இரண்டு விலைகளும் இனி ஒன்றுதான் என்பதே இணையச் சந்தைகள் எங்களுக்குத் தரும் வாக்குறுதி. அது எவ்வளவு தூரம் உண்மை என்பதே இந்த விமர்சனம்.

நாங்கள் பாவித்தவை மூன்று வகை. புதிய பொருட்களுக்கு, 2018 இல் சீனாவின் அலிபாபா குழுமம் வாங்கிக்கொண்ட டராஸ் போன்ற பெருஞ்சந்தைகள். பழைய தளபாடங்களுக்கு இக்மன் போன்ற விளம்பரத் தளங்கள். இவற்றோடு சுன்னாகம், மானிப்பாய் பக்கத்து ஆட்கள் படம் போட்டு விற்கும் பேஸ்புக் சந்தை. பெருஞ்சந்தையில் நாங்கள் காணும் பொருட்களிற் பெரும்பாலானவற்றை விற்பவர்கள் அங்கே கடை விரித்திருக்கும் தனித்தனி வியாபாரிகள் என்பதால், கீழே வரும் குறைகள் எந்தத் தளத்தில் நேர்ந்தவை என்று நான் பெயரிடப் போவதில்லை. மரக்கறிக்காரர் ஒருவர் நிறையைக் குறைத்தால் சந்தைக் கட்டடத்தோடு சண்டை பிடித்துப் பயனில்லை. ஆனாலும் கட்டடக்காரர் முழுதாகக் கைகழுவிவிட முடியாத இடம் ஒன்று உண்டு. அதைப் பிறகு சொல்கிறேன்.

முதலில் விலைக்கழிவு. நவம்பர் 11 மலிவு விற்பனைக்கு இரண்டு கிழமைக்கு முன்னர் ஒரு சோடித் தலையணை உறையின் விலையை 1,890 ரூபாய் என்று கொப்பியில் குறித்திருந்தோம். விற்பனை நாளன்று அதே உறைக்கு 3,200 ரூபாய் என்று எழுதி வெட்டி, பக்கத்தில் 1,850 ரூபாய் போடப்பட்டிருந்தது. திரையில் 42 வீதக் கழிவு. எங்கள் கொப்பியில் 40 ரூபாய். கூப்பன்களின் கதையும் ஏறக்குறைய இதுவே. 5,000 ரூபாய்க்கு வாங்கினால் 500 ரூபாய் குறையும் என்றார்கள். எங்களுக்குத் தேவையானவை 4,200 ரூபாயோடு முடிந்துவிட்டன. 500 ரூபாயை விட மனமில்லாமல் 800 ரூபாய்க்குக் கைப்பேசி நிறுத்தும் தாங்கி ஒன்றைச் சேர்த்தோம். 300 ரூபாய் கூடச் செலவழித்துவிட்டு 500 ரூபாய் மிச்சம் பிடித்ததாக அன்றிரவு மகிழ்ந்து உறங்கினோம். வீட்டில் இப்போது அப்படியான தாங்கிகள் மூன்று இருக்கின்றன.

அனுப்புக் கட்டணம் அதைவிட நுட்பமானது. கொழும்பிலிருந்து இங்கே ஏறத்தாழ 400 கிலோமீற்றர் தூரம். பொருள் பாரமாக இருந்தால் கட்டணம் கூடும் என்பது எல்லோருக்கும் தெரியும். பாரமில்லாத பொருளுக்கும் கூடும் என்பதை நாங்கள் ஒரு வாளியால் அறிந்தோம். பல கூரியர் நிறுவனங்கள் பொதியின் நீள, அகல, உயரங்களைச் சென்ரிமீற்றரில் பெருக்கி 5,000 ஆல் வகுத்து, வரும் எண்ணைக் கிலோவாகக் கொள்கின்றன. அது உண்மையான நிறையைவிடக் கூடுதலாக இருந்தால் அதற்கே கட்டணம். நாற்பதுக்கு நாற்பது, உயரம் முப்பத்தைந்து என்ற பெட்டியில் வரும் வெறும் பிளாஸ்ரிக் வாளி, கையில் ஒரு கிலோகூட இல்லாவிட்டாலும், இந்தக் கணக்கில் 11.2 கிலோ. வாளி, கழுவு தொட்டி, கதிரை, துணிக்கூடை ஆகியவற்றை இணையத்தில் தேடுவதையே அதன் பிறகு விட்டுவிட்டோம். சுன்னாகச் சந்தையில் வாங்கிச் சைக்கிளில் கொழுவிக்கொண்டு வந்தால் அவை காற்றுக்குக் காசு கேட்பதில்லை. இதே போல, ஐந்து பொருட்களை ஒரே நேரத்தில் வாங்கினாலும் விற்பவர்கள் ஐந்து பேராக இருந்தால் ஐந்து பொதிகளுக்குரிய கட்டணம் விழக்கூடும் என்பதால், இறுதித் தொகையைப் பார்க்காமல் விரலை வைக்கக் கூடாது.

கொப்பியில் அதிக பக்கங்களைப் பிடித்துக்கொண்டது ஒரு மின்கேத்தில். 1.7 லீற்றர் கொள்ளும் அந்தக் கேத்தில் அனுப்புக் கட்டணத்தோடு 3,330 ரூபாய். நகரத்துக் கடையில் அதே அளவுள்ள இன்னொன்று 4,400 ரூபாய். 1,070 ரூபாய் மிச்சம் என்று எழுதி அடியில் கோடும் போட்டாயிற்று. பொதியைப் பிரித்தால், இங்குள்ள மூன்று சதுர முள் சுவர்த்துளைக்குப் பொருந்தாத, இரண்டு உருளை முள்ளும் பக்கங்களில் உலோகத் தகடும் கொண்ட பிளக். கூடவே வந்த மலிவான அடப்ரரில் 6 அம்பியர் என்று பொறித்திருந்தது. கேத்திலின் அடியில் 1,500 வாற்று என்று இருந்தது. 230 வோல்ற்றால் வகுத்தால் 6.5 அம்பியர். போதாக்குறைக்கு, பக்கத் தகடுகள் அந்த அடப்ரரில் எதையும் தொடாததால், உலோக உடம்புள்ள ஒரு கேத்திலுக்கு எர்த் இணைப்பே கிடைக்கவில்லை. பக்கத்து வீட்டில் வயரிங் வேலை செய்யும் அண்ணர் வந்து பார்த்துவிட்டு, "தம்பி, இதை அப்பிடியே கொழுவிப்போடாதையும், வெட்டிப்போட்டு நல்ல பிளக் ஒண்டு போடும்" என்றார். பிளக் 350 ரூபாய். அவர் கூலி வாங்கவில்லை. தேநீர் மட்டும் குடித்தார், அதே கேத்திலில்.

அது தீர்ந்ததும் தண்ணீர் தன் வேலையைக் காட்டியது. குடாநாடு சுண்ணக்கல்லின் மேல் இருப்பதால் எங்கள் கிணற்றுத் தண்ணீரைக் கொதிக்கவைத்தால் கல்சியம் காபனேற்று வெள்ளையாகப் படியும். இரண்டு மாதத்தில் கேத்திலின் அடி சுவரில் பூசிய சுண்ணாம்பு போல ஆயிற்று. வினாகிரி ஊற்றி ஊறவைத்து உரசலாம், ஆனால் இந்தக் கேத்திலின் வாய் கை நுழையாத அளவுக்கு ஒடுக்கம். இந்தக் குறையை நட்சத்திரம் போட்ட எவரும் சொல்லவில்லையே என்று யோசித்தபோதுதான் விடயம் புரிந்தது. கொழும்பிற் பலர் குடிப்பது களனி ஆற்றுத் தண்ணீர். அவர்களுடைய கேத்தில் இப்படி வெளுப்பதில்லை. ஆகவே அவர்களின் ஐந்து நட்சத்திரம் பொய்யல்ல, எங்கள் கிணற்றுக்குப் பொருந்தாது, அவ்வளவுதான். நகரக் கடையில் வைத்திருந்த கேத்திலுக்கு வாய் அகலம். அதை நான் கையில் எடுத்துப் பார்த்திருக்கிறேன். ஆனால் விலையை மட்டுமே கொப்பியில் எழுதினேன். இன்னொன்று, ஐந்து நட்சத்திரங்களிற் பல பொருள் வந்த அன்றே போடப்பட்டவை. விரைவாக வந்ததற்குக் கொடுத்த புள்ளி அது, பாவித்துப் பார்த்ததற்கல்ல. மூன்று நட்சத்திரம் போட்டு நாலு வரி எழுதியவரைத் தேடி வாசிப்பதே எங்கள் வழக்கமாயிற்று.

உண்மையான மிச்சம் நாங்கள் எதிர்பாராத இடத்திலிருந்து வந்தது: உதிரிப்பாகங்கள். பத்து வருடம் உழைத்த எங்கள் பிரஷர் குக்கரின் றப்பர் வளையம் இளகிவிட்டது. நகரத்தில் நாலு கடை ஏறி இறங்கினோம். அந்த மொடலுக்கு இப்போது வளையம் வருவதில்லை, புதிதாக ஒன்றை எடுங்கள் என்றார்கள். புதியது 14,000 ரூபாய். இணையத்தில் அதே வளையம் அனுப்புக் கட்டணத்தோடு 800 ரூபாய்க்குக் கிடைத்தது. மிக்சியின் அடியில் பல் தேய்ந்த கப்ளர், தண்ணீர் வடியின் உள்வடி, விளக்குமாற்றுத் தடியில் பூட்டும் மொப் தலை ஆகியவையும் இவ்வாறே வந்து சேர்ந்தன. சிறியவை, உடையாதவை, பாரமற்றவை, கட்டணம் குறைவு, இல்லாவிட்டால் முழுப் பொருளையும் எறிய வேண்டி வரும். இவற்றை வாங்குவதற்கு முன்னர் பொருளின் அடியில் ஒட்டியிருக்கும் மொடல் இலக்கத்தைப் படம் எடுத்துக்கொள்ள வேண்டும். வளையமானால் உள்விட்டத்தையும் வெளிவிட்டத்தையும் மில்லிமீற்றரில் அளக்க வேண்டும். கப்ளரானால் பற்களை எண்ண வேண்டும். காஸ் றெகுலேற்றரையும் குழாயையும் மட்டும் இந்த வழியில் வாங்கவில்லை. அவற்றில் 300 ரூபாய் மிச்சம் பிடிப்பது வீட்டை அடகு வைப்பது போன்றது.

பல்ப்புகளில் நிச்சயமான லாபம் உண்டு, பத்தாகச் சேர்த்து வாங்கினால். ஆனால் எங்கள் பழைய வீடுகளில் பின் வகை ஹோல்டர்களே கூடுதல் என்பதை மறந்து திருகு வகை பல்ப்புகளை எடுத்தால் பத்தும் அலுமாரிக்குள் தூங்கும். கட்டில் விரிப்பிலும் அதே கவனம் தேவை: ஆறடிக்கு நாலடியான பழைய மரக்கட்டிலுக்குப் புதிய அளவுப் பெயர்களை நம்பி வாங்க முடியாது, அங்குலத்தைத்தான் பார்க்க வேண்டும். அளவைப் பார்க்காததற்கு நாங்கள் கொடுத்த தண்டம் ஒரு தாச்சி. படத்தில் முழுக் கோழி ஒன்று அதற்குள் பொரிந்துகொண்டிருந்தது. வந்தது ஒற்றை முட்டை பொரிக்கும் 16 சென்ரிமீற்றர் தாச்சி. விபரத்தின் கடைசி வரியில் அளவு எழுதப்பட்டிருந்தது என்பதையும் நேர்மையாகச் சொல்லிவிட வேண்டும்.

கட்டடக்காரரின் பொறுப்பு என்று நான் சொன்னது இங்கேதான் வருகிறது. பொதியைப் பிரிக்க முன்னரே காசைக் கொடுக்க வேண்டியிருந்தது. கொண்டுவந்த பெடியன் ஏற்கெனவே "எந்தக் கோயிலடி, எந்த ஒழுங்கை" என்று மூன்று தடவை தொலைபேசியில் கேட்டுக் களைத்துப்போய் நின்றான், அவனோடு வாதாடுவது நியாயமில்லை. தாச்சியைத் திருப்பி அனுப்பும் விண்ணப்பம், படங்கள், பொதியை ஒப்படைக்க நகரத்துக்கு ஒரு பயணம், பிறகு பன்னிரண்டு நாட் காத்திருப்பு. காசு வந்தது, ஆனால் பணமாகவல்ல, அதே தளத்தில் மறுபடி செலவழிப்பதற்கான வரவாக. காசையும் திருப்புதலையும் தன் கையில் வைத்திருக்கும் தளம் இந்த இடத்தில் தான் வெறும் கட்டடம் என்று சொல்லித் தப்ப முடியாது. அதற்குப் பிறகு, பொதி பிரிப்பதை ஒரே தொடர்ச்சியாகக் கைப்பேசியில் வீடியோ எடுக்கிறோம். பற்றுச்சீட்டையும் வைத்திருப்போர் தளத்தில் தீர்வு கிடைக்காவிட்டால் நுகர்வோர் அலுவல்கள் அதிகாரசபையின் 1977 என்ற இலக்கத்தை அழைக்கலாம்.

பழைய பொருட்களின் நிலை வேறு. யாழ்ப்பாணத்தில் வெளிநாடு போகும் குடும்பம் ஒன்று எப்போதும் எங்கேயோ வீட்டைக் காலி செய்துகொண்டிருக்கிறது. மானிப்பாயில் அப்படி விற்கப்பட்ட முதிரை மர அலுமாரி ஒன்றை 30,000 ரூபாய்க்கு எடுத்தோம். ஏற்றி வந்த லான்ட்மாஸ்டர் என்ற இரு சக்கர உழவு இயந்திரத்துக்குக் கூலி 3,000. நகரத்தில் புதிய பலகை அலுமாரி 48,000 ரூபாய், மழைக்காலத்தில் அதன் கதவு ஊதிவிடும். கால்களைத் தட்டிப் பார்த்து, பின்பலகையில் கறையான் மண் இருக்கிறதா என்று பார்த்து, காசை நேரில் கொடுத்தோம். பார்க்க முன்னர் முற்பணம் போடச் சொல்பவர் எவராயினும், அவர் எவ்வளவு அன்பாகக் கதைத்தாலும், தொலைபேசியை வைத்துவிட வேண்டும். ஒரு பக்கக் குறிப்பு: இதே இணையத்தில் பிட்டு அவிக்கும் எங்கள் ஓலை நீத்துப்பெட்டியைக் கைவினைப் பொருள் என்று பெயர் சூட்டித் திருநெல்வேலி விலையைவிட மூன்று மடங்குக்கு விற்கிறார்கள். யாழ்ப்பாண விலை, கொழும்பு விலை என்ற வழக்கு ஒருமுறையாவது எங்கள் பக்கம் சாய்ந்ததைக் கண்டு மாமி மிகவும் மகிழ்ந்தார்.

வருட முடிவில் முப்பத்தேழு கொள்வனவுகள். அதே பொருள் கடையிலும் கிடைத்தவற்றை மட்டும் மூன்றாவது விலையோடு ஒப்பிட்டால் மிச்சம் 21,400 ரூபாய். தாச்சி, பிளக், பயணச் செலவு என்று கழிக்க வேண்டியவை 4,150. வாங்கியிருக்கவே தேவையில்லாதவை 6,900. எஞ்சுவது 10,350 ரூபாய். ஐந்துக்கு மதிப்பெண் போடச் சொன்னால், உதிரிப்பாகங்களுக்கும் பழைய தளபாடத்துக்கும் நாலரை, பல்ப், விரிப்பு வகைகளுக்கு மூன்றரை, மின்சாதனங்களுக்கு இரண்டு, வாளிக்குப் பூச்சியம்.

இந்த வருடக் கொப்பியில் நான்காவதாக ஒரு நிரல் போட்டிருக்கிறோம்: பொருளைத் தெரிவுசெய்து மூன்று நாள் கழித்தும் வேண்டுமா என்பதை அதில் எழுதுவது. இதுவரை அங்கே போன ஒன்பது பொருட்களில் இரண்டு மட்டுமே வாங்கப்பட்டன. அகன்ற வாயுள்ள கேத்திலை நகரக் கடைக்காரர் இப்போது 4,250 ரூபாய்க்குத் தருவதாகச் சொல்கிறார். இணைய விலையை அவருக்குக் காட்டியபோது, "அந்த விலைக்கு என்னால தர ஏலாது, ஆனால் பழுதானால் இங்கதானே கொண்டு வருவீங்கள்" என்றார்.