பிளஸ் டூ கணக்கு: டெஸ்ட் சாரா, விளக்குகிற சாரா?

யாரிடம் டியூஷன் சேர்ப்பது என்று குழம்புகிறவர்களுக்கு: ஊரில் பேர் வாங்கிய கணக்கு சார்கள் பெரும்பாலும் இந்த இரண்டு ரகம்தான்.

மார்க்: டெஸ்ட் சார் கெட்டி. எழுத்துத் தேர்வின் 90 மதிப்பெண்ணில் 20 ஒரு மார்க் கேள்விகள், தினமும் சிலிப் டெஸ்ட் வைத்தே அதை மனதில் ஏற்றிவிடுவார். விளக்குகிற சார் இதில் கொஞ்சம் சுமார்.

நிலைப்பது: இங்கே விளக்குகிறவர்தான். வகைக்கெழு எப்படி வளைவரையின் சாய்வாகிறது என்று போர்டு முழுக்க வரைந்து காட்டியது ஜேஇஇ இன்ஜினியரிங் நுழைவுத் தேர்விலும், அப்புறம் இன்ஜினியரிங் முதல் செமஸ்டரிலும் கைகொடுக்கும். மனப்பாடச் சூத்திரம் அதற்குள் பாதி பறந்திருக்கும்.

பயம்: டெஸ்ட் சாரிடம் சந்தேகம் கேட்க வாய் வராது. (பிற்பாடு கல்யாணப் பத்திரிகை முதலில் போவது அவருக்குத்தான், அது வேறு கதை.)

பாஸாவதே சந்தேகம் என்றால் டெஸ்ட் சார். ஜேஇஇ எண்ணம் இருந்தால் மற்றவர், அதுவும் பதினொன்றாம் வகுப்பிலேயே.