பழைய சுண்ணாம்புச் சுவருக்கு வெள்ளையா, எமல்ஷனா?

காரைக்குடிப் பக்கம் சுண்ணாம்புக் காரை பூசிய பழைய வீடு வைத்திருப்பவர்களுக்கு வெளிச்சுவர் வேலை வந்தாலே சுண்ணாம்பு வெள்ளை அடிப்பதா, எமல்ஷன் என்ற பிளாஸ்டிக் பெயிண்ட் அடிப்பதா என்ற குழப்பம்தான்.

செலவு: சுண்ணாம்பு மலிவு. எமல்ஷனுக்கு பிரைமர், பெயிண்ட், கூலி என்று ஏறிக்கொண்டே போகும்.

எவ்வளவு நாள் உழைக்கும்: எமல்ஷன் பல வருடம் நிறம் மாறாது. சுண்ணாம்பை இரண்டு மூன்று பொங்கலுக்கு ஒருமுறை அடித்தாக வேண்டும், சட்டையிலும் ஒட்டும்.

ஈரம்: முடிவு செய்ய வேண்டியது இதை வைத்துத்தான். பழைய வீடுகளில் தரையிலிருந்து ஈரம் சுவரில் ஏறும். சுண்ணாம்பு அதை ஆவியாக வெளியே விடும். எமல்ஷன் பிளாஸ்டிக் உறை போல மூடிவிடும். அப்புறம் கொப்புளம், உரிதல், சில சமயம் காரையே பெயர்ந்து வரும்.

சுண்ணாம்பு அடிப்பது: சுவரை நனைத்து, நீர்க்க மூன்று கை அடிக்க வேண்டும். கெட்டியாக ஒரே கை அடித்தால் உதிரும்.

சுவர் இன்னும் சுண்ணாம்புக் காரையாகவே இருந்தால் நான் வெள்ளைதான் அடிப்பேன். சிமென்ட் பூசி, ஈரமில்லாமல் காய்ந்த சுவரென்றால் எமல்ஷன் சரி. ஏற்கெனவே எமல்ஷன் அடித்திருந்தால், அதைச் சுரண்டி எடுக்காமல் சுண்ணாம்பு பிடிக்காது.