ஆன்லைன் எம்.காம்: மாட்டிக்கொண்டால் யார் வருவார்கள்?

பி.காம் பாண்டிச்சேரியில், தினமும் பஸ் ஏறிப்போய்ப் படித்தது. எம்.காம் ஆன்லைனில், கடலூர் மஞ்சக்குப்பம் வீட்டு மாடியறையில், ஆடிட்டர் ஆபீஸ் வேலைக்கு நடுவே. இரண்டு வருஷம் முடிந்துவிட்டது. சந்தேகமோ சிக்கலோ வந்தால் யார் கைகொடுக்கிறார்கள் என்பதை மட்டும் இங்கே சொல்கிறேன்.

சனி, ஞாயிறு வகுப்பு எல்லாமே பதிவாகக் கிடைக்கும். செலவுக் கணக்கியலில் வரும் மார்ஜினல் காஸ்டிங் பாடத்தை நாலு தடவை ஓட்டிப் பார்த்தேன். கல்லூரியில் அதே கேள்வியை நாலாம் தடவை கேட்டிருந்தால் சாரின் முகத்தைப் பார்த்திருக்க முடியாது. மின்நூலகத்திலும் குறையில்லை.

2024 நவம்பர் 30 இரவு ஃபெஞ்சல் புயல் புதுச்சேரி அருகே கரையைக் கடந்தது. பின்னாலேயே தென்பெண்ணையில் வெள்ளம். தெருவில் மூன்று நாள் கரண்ட் இல்லை. கலெக்டர் விட்ட லீவு இங்குள்ள கல்லூரிகளுக்குத்தான். வேறு மாநிலத்திலிருக்கும் என் பல்கலைக்கழகத்துக்கு மழை பெய்ததே தெரியாது. அசைன்மென்ட் கடைசி நாள் டிசம்பர் 2. மொட்டைமாடியில் நின்று, கிடைத்த ஒரு கோட்டு சிக்னலில் பல்கலைக்கழக உதவித் தளத்தில் டிக்கெட், அதாவது கோரிக்கை, போட்டேன். 'உங்கள் கோரிக்கை தீர்க்கப்பட்டது' என்று பதில் வந்தது. என்ன தீர்ந்ததோ! ஐந்தாவது டிக்கெட்டில் பேப்பர் செய்தியைப் படமெடுத்து இணைத்த பிறகுதான் ஒரு மனிதர் போனில் வந்தார். பத்தே நிமிடத்தில் ஒரு வாரம் நீட்டித்துக் கொடுத்தார். ஆள் நல்லவர்தான், அவரிடம் போய்ச் சேருவதுதான் பாடு. படிப்பில் சேருவதற்கு முன் ஒரு நாளைக்கு மூன்று தடவை என்னைக் கூப்பிட்ட நம்பரில், ஃபீஸ் கட்டியதும் நான் கூப்பிட்டால் யாரும் எடுக்கவில்லை.

பி.காமில் துறை அலுவலகத்து அக்கா ஒருவர் வராந்தாவில் என்னை நிறுத்தி, "ஏம்மா, ஸ்காலர்ஷிப் ஃபார்ம் குடுத்தியா? நாளைக்குக் கடைசி" என்றார். நான் கேட்கவேயில்லை. அப்படி ஒரு ஃபார்ம் இருப்பதே எனக்குத் தெரியாது. ஆன்லைனில் எதைக் கேட்கவேண்டும், யாரிடம் கேட்கவேண்டும் என்று தெரிந்தவருக்குத்தான் உதவி கிடைக்கிறது. வேலைக்குப் போகிற எனக்கு அது ஒத்துவந்தது. பிளஸ் டூ முடித்த தம்பியைக் கல்லூரிக்கே அனுப்பினோம்.

சேரப்போகிறவர்கள் யுஜிசி (பல்கலைக்கழக மானியக் குழு) தளத்தில் அந்தப் படிப்புக்கு அனுமதி இருக்கிறதா என்று பாருங்கள். பணம் கட்டுமுன், சேர்க்கைப் பிரிவை விட்டுவிட்டு மாணவர் உதவி எண்ணுக்கு ஒரு தடவை போன் போடுங்கள்; எடுக்கிறார்களா பார்ப்போம்.

என் மதிப்பெண் பட்டியலில் அப்பா பெயரில் ஓர் எழுத்துப் பிழை. டிக்கெட் போட்டு ஒன்பது நாளாகிறது. நிலை: 'பரிசீலனையில்'.