பண்பாடு கடந்து பேசக் கற்றுத்தரும் ஆறு வாரப் பயிற்சி: என் மதிப்பீடு

பல நாடுகளில் இருப்பவர்களோடு அன்றாடம் சேர்ந்து வேலை செய்பவன் என்ற முறையில், பிற பண்பாட்டினரோடு மரியாதையாகவும் தெளிவாகவும் பேசுவதற்கான இணையவழிப் பயிற்சி ஒன்றில் சேர்ந்து, அண்மையில் அதை முடித்தேன். வாரந்தோறும் இரண்டு மணி நேர நேரலை வகுப்பு, இடையில் தனியே எழுதி அனுப்ப வேண்டிய பயிற்சிகள், இறுதி வாரத்தில் பயிற்றுநரோடு தனி உரையாடல் என ஆறு வாரங்களுக்கு அது நீண்டது. இரண்டாம் வாரத்துக்காகவும் நான்காம் வாரத்துக்காகவும் இதில் தயங்காமல் சேரலாம். மூன்றாம் வாரத்தில் சொல்லப்படுவதை மட்டும் அப்படியே ஏற்றுக்கொள்ளக் கூடாது என்பது என் கருத்து.

நான் சேர்ந்ததற்கு ஒரு மின்னஞ்சல் காரணம். வெளிநாட்டுச் சக பணியாளர் ஒருவருக்கு, "அந்தக் கோப்பு இன்னும் அனுப்பப்படவில்லையா?" என்று ஆங்கிலத்தில் எழுதியிருந்தேன். "ஆம்" என்று ஒற்றைச் சொல்லில் பதில் வந்தது. அனுப்பிவிட்டார் என்று எண்ணி இரண்டு நாள் காத்திருந்தேன். "ஆம், நீங்கள் சொல்வது சரி, அனுப்பவில்லை" என்பதே அவர் சொன்னது. அவர் பக்கம் பிழை எதுவும் இல்லை என்பது எனக்குப் பின்னர்தான் விளங்கியது.

முதல் வாரம் அறிமுகத்திலேயே கழிந்தது. பெயர்களைப் பற்றிய பகுதி மட்டும் பயனுள்ளது: ஹங்கேரி, ஜப்பான், கொரியா ஆகிய நாடுகளில் குடும்பப் பெயர் முன்னால் வரும் என்பதையும், ஐஸ்லாந்தில் பெரும்பாலானோருக்குக் குடும்பப் பெயரே இல்லை என்பதையும் சொல்லிவிட்டு, ஒருவரை எப்படி அழைப்பது என்பதை அவரிடமே கேட்டுவிடுங்கள் என்றார் பயிற்றுநர்.

இரண்டாம் வாரம் இந்தப் பயிற்சியின் உயிர். இரண்டு நிமிடக் காணொளி ஒன்றைக் காட்டினார்கள். கூட்டத்தில் ஒருவர், "வெள்ளிக்கிழமைக்குள் முடிந்துவிடுமா?" என்று கேட்கிறார். எதிரில் இருப்பவர் கையிலிருந்த பேனாவை மேசைமேல் வைக்கிறார், தாளைப் பார்க்கிறார், சற்றுப் பொறுத்து, "முயற்சி செய்கிறோம்" என்கிறார். பார்த்ததை எழுதுங்கள் என்றதும், எங்களில் பெரும்பாலோர் "அவர் தட்டிக்கழித்தார்", "ஆர்வமில்லை", "தயங்கினார்" என்றே எழுதியிருந்தோம். இவற்றில் ஒன்றுகூடக் கண்ணால் கண்டதல்ல என்று பயிற்றுநர் பொறுமையாகக் காட்டினார். பேனாவை வைத்ததும் தாளைப் பார்த்ததும் கண்டவை. தயக்கம் என்பது நாமாகக் கொண்ட பொருள். ஆர்வமில்லை என்பது அதன்மேல் நாம் போட்ட தீர்ப்பு. முதலில் விவரித்து, பிறகு பொருள்கொண்டு, அதன் பின்னரே மதிப்பிடும் இந்த முறை இத்துறையில் பல பத்தாண்டுகளாகப் புழங்குவதுதான். ஆனாலும் ஒரே காணொளியை மூன்று முறை ஓட்டி, ஒவ்வொரு சொல்லும் எந்தப் படியில் நிற்கிறது என்று எங்களையே பிரிக்க வைத்தபோது, படித்து அறிந்ததைவிட ஆழமாக அது மனத்தில் பதிந்தது. "முயற்சி செய்கிறோம்" என்பது சிலரிடம் உறுதிமொழி, சிலரிடம் மென்மையான மறுப்பு. எது என்று முகத்தைப் பார்த்துக் கணிப்பதைவிட, "வெள்ளிக்கிழமைக்கு எது தயாராக இருக்கும், எது பிந்தும்?" என்று கேட்பது இருவருக்கும் மரியாதை.

மூன்றாம் வாரத்தில்தான் எனக்கு வருத்தம் ஏற்பட்டது. நாடுவாரியாக மதிப்பெண் இட்ட அட்டவணை ஒன்றைக் காட்டி, இந்த நாட்டார் இப்படிப்பட்டவர் என்று வகுப்பு முழுவதும் பேசினார்கள். நெதர்லாந்துச் சமூக உளவியலாளர் கேர்ட் ஹோஃப்ஸ்டெட் பண்பாடுகளை ஒப்பிட உருவாக்கிய அந்த அளவுகோல்களுக்கு அடிப்படை, 1967 முதல் 1973 வரை ஐபிஎம் என்ற ஒரே நிறுவனத்தின் பணியாளர்களிடம் நிரப்பி வாங்கிய ஒரு லட்சத்துக்கும் மேற்பட்ட வினாத்தாள்கள். நாடுகளின் சராசரிகளை ஒப்பிடத்தான் அவை; தனி மனிதரை அளக்க அல்ல என்று அவரே எச்சரித்திருக்கிறார். இந்த இரண்டு செய்திகளையும் வகுப்பில் சொல்லவில்லை. ஜப்பானியர் விடை சொல்லத் தாமதிப்பார்கள் என்றும் ஒரு வரி வந்தது. பத்து மொழிகளின் இயல்பான உரையாடல்களில், ஆம் அல்லது இல்லை என்று விடை சொல்லும் கேள்விகளுக்குப் பதில் வரும் நேரத்தை அளந்து 2009இல் வெளியான ஆய்வில், சராசரியாக மிக விரைவாக விடை வந்தது ஜப்பானிய மொழியில்தான். மிகத் தாமதம் டேனிஷ் மொழியில். இரண்டுக்கும் இடையே அரை விநாடிகூட இல்லை. அலுவல் கூட்டத்தின் மௌனம் வேறு வகையானது என்பது உண்மையே. ஆனால் ஒரு நாட்டின் பெயரைச் சொல்லி ஒரு குணத்தை ஒட்டிவிட்டால், அதன் பிறகு எதிரில் இருப்பவர் சொல்வது நம் காதில் விழாது. இரண்டாம் வாரம் கற்றுத்தந்ததை மூன்றாம் வாரம் கலைத்துவிட்டது என்று கருத்துப் படிவத்தில் எழுதியிருக்கிறேன்.

நான்காம் வாரம் மீண்டும் தரையில் கால் ஊன்றியது. அதில் சொன்னவை எல்லாம் மறுநாளே கைக்கு உதவின. எதிர்மறையாகக் கேள்வி கேட்காதீர்கள் என்பது முதல் பாடம். ஆங்கிலத்தில் "இல்லை" என்று வரும் இடத்தில் ஜப்பானிய, கொரிய மொழிகளில் "ஆம்" என்பதே முறை என்றும், தமிழில் "ஆமாம், அனுப்பவில்லை", "இல்லை, அனுப்பவில்லை" இரண்டும் செல்லும் என்றும் யோசித்தபோது என் மின்னஞ்சலின் குற்றம் துலங்கியது. 03/04 என்ற தேதி ஒருவருக்கு ஏப்ரல், மற்றவருக்கு மார்ச். ஆகவே மாதத்தை எழுத்தால் எழுதுங்கள் என்றார்கள். "புரிந்ததா?" என்று கேட்டால் மரியாதைக்காகவேனும் "புரிந்தது" என்றுதான் யாரும் சொல்வார்கள். அதற்குப் பதில், கேட்டதைத் தம் சொற்களில் திருப்பிச் சொல்லும்படி வேண்டுவது, மருத்துவமனைகளில் நோயாளிகளிடம் கையாளும் முறை. அப்படி வேண்டும்போது, "நான் தெளிவாகச் சொன்னேனா என்று பார்க்கத்தான் கேட்கிறேன்" என்று பொறுப்பைத் தம்மேல் ஏற்றுக்கொள்வதையும் சேர்த்தே கற்றுத்தந்தார்கள். மொழிபெயர்ப்பாளர் உடன் இருக்கும்போது, "அவரிடம் கேளுங்கள்" என்று மொழிபெயர்ப்பாளரைப் பார்த்துப் பேசாமல், உரியவரையே பார்த்துச் சிறு சிறு பகுதிகளாகப் பேசப் பழக்கியதும் நன்று.

ஐந்தாம் வாரம் கைச்சைகை, கண்பார்வை, இடைவெளி ஆகியவற்றைப் பற்றியது. தகவல் நிறைய, பழக்குவது குறைவு.

சேவையைப் பற்றி ஒரு குறை. நேரலை வகுப்புகளில் திரையில் எழுத்துவரிகள் வரவில்லை. ஆங்கிலம் இரண்டாம், மூன்றாம் மொழியாக உள்ளவர்களே அதிகம் இருந்த வகுப்பில், வேகமான பேச்சைத் துரத்திப் பிடிக்கும் சுமை முழுவதும் அவர்கள்மேல் விழுந்தது. ஆங்கிலத்தைத் தாய்மொழியாகக் கொண்ட இருவர் தம் வேகத்தைக் குறைக்க வேண்டும் என்று யாரும் சொல்லவில்லை. இதைத் தெரிவித்தபோது, மறு வாரமே பதிவுகளில் எழுத்துவரிகளைச் சேர்த்தார்கள். நேரலையில் கடைசிவரை இல்லை.

இறுதி உரையாடலில், அந்தப் பழைய மின்னஞ்சலை மாற்றி எழுதச் சொன்னார் பயிற்றுநர். "கோப்பை எந்த நாளில் எதிர்பார்க்கலாம்? நான் தர வேண்டியது எதுவும் நிலுவையில் உள்ளதா?" என்று எழுதினேன். இரண்டாவது கேள்வி ஏன் என்று கேட்டார்; அந்தச் சக பணியாளருக்குத் தேவையான ஒரு விவரம் அன்று என்னிடமே தங்கியிருந்தது என்றேன்.